‘தெரியாது’: வன்னியில் ஐந்து நாள்

முதல் நாள் – வவுனியா

திருகோணமலையில் காலை ஏழு மணிக்கு ஏறிய பஸ் ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா வந்து சேரும்போது பதினொன்றரை ஆகிவிட்டது. சோளகக் காற்று. வாயைத் திறந்தால் புழுதி. இன்று இங்கேதான் தங்கல், நாளை காலை வடக்கே.

எதற்காக இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். போன தவணையில், பாடத்திட்டத்துக்கு வெளியே, ஜார்ஜ் ஓர்வெல் 1949இல் வெளியிட்ட நாவலின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அதில் வருகிறவனுக்குப் பழைய பத்திரிகைகளைத் திருத்துவதுதான் வேலை. ஆட்சி நேற்று ஒன்றைச் சொல்லி இன்று வேறொன்றைச் சொன்னால், நேற்றைய பத்திரிகையை எடுத்து இன்றைய பேச்சுக்குப் பொருந்த மாற்றி எழுதுவான். மூலத்தாள் சுவரில் இருக்கும் துவாரத்துக்குள் போய்ச் சாம்பலாகிவிடும். ‘அறியாமையே பலம்’ என்பது அந்த நாட்டின் கோஷங்களில் ஒன்று.

கதை முடிந்ததும் கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி எழும்பினாள். “டீச்சர், நேற்றுப் பேப்பரை எல்லாரும் வாசிச்சவைதானே. எல்லாருக்கும் தெரியும்தானே. பிறகு ஏன் தெரியாத மாதிரி இருக்கினம்?”

பயம் என்றேன். மணி அடித்தது, பிள்ளைகள் போய்விட்டார்கள். எனக்குத்தான் அந்தப் பதில் போதவில்லை. பயம் விட்டுப்போய்ப் பல வருடம் ஆன பிறகும் தெரியாத மாதிரியே இருக்கிறவர்களை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருத்தி.

1995 ஐப்பசியில் யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பத்து வயது. தென்மராட்சியில் ஆறு மாதம் இருந்தோம். பிறகு கிளாலிக் கடலில் இரவுப் படகேறி வன்னிக்கு வந்தோம். 1996 முதல் 2003 வரை முல்லைத்தீவு மாவட்டத்தில், தண்ணீரூற்றில் வாழ்ந்தோம். படகால் இறங்கி உடுப்புக் காய முதலே அம்மா எனக்கும் தம்பிக்கும் சொல்லித்தந்தது ஒரு சொல். “ஆமி கேட்டாலும் தெரியாது. இயக்கம் கேட்டாலும் தெரியாது. பக்கத்து வீட்டு மாமி கேட்டாலும் தெரியாது. விளங்குதோ?” இயக்கம் என்றால் விடுதலைப் புலிகள். அந்தச் சொல்லின் நிழலில்தான் நாங்கள் உயிரோடு இருந்தோம். அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சொல் எங்களை என்ன செய்தது என்று ஒரு தடவையாவது நேரே பார்த்துவிட வேண்டும். ஆகஸ்ட் விடுமுறைதான், ஐந்து நாள் இருக்கிறது.

இரண்டாம் நாள் – ஓமந்தை, முறிகண்டி, கிளிநொச்சி

ஓமந்தையை பஸ் ஒரு நிமிடத்தில் தாண்டிவிட்டது. பக்கத்தில் இருந்த பெடியன் கைபேசியை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. 2002இல் சமாதானம் வந்து ஏ-9 பாதை திறந்தபோது இதே இடத்தைக் கடக்க அரை நாள் போகும். முதலில் ஆமியின் சோதனை. அப்புறம் செஞ்சிலுவைக்காரர் நிற்கும் ஆளில்லாத வெளி. அதற்கு அங்கால் இயக்கத்தின் சோதனை. பொதியை இரண்டு பக்கமும் அவிழ்த்துக் கட்ட வேண்டும். கடிகாரத்தையும் மாற்ற வேண்டும்.

கடிகாரக் கதை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1996இல் கொழும்பு அரசு மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியது. அந்த ஆண்டின் கடைசியிலிருந்து 2006 சித்திரை வரைக்கும் இலங்கை நேரம் பழைய நேரத்தைவிட அரை மணி முந்தி ஓடியது. இயக்கத்தின் பகுதியில் பழைய நேரமே நீடித்தது. ‘புது நேரமா, பழைய நேரமா?’ என்று கேட்டுத்தான் எதையும் பேசுவோம். வடகொரியாவும் 2015 ஆகஸ்டில் இதே மாதிரித் தன் நேரத்தை அரை மணி பின்னுக்கு இழுத்து, 2018 மே மாதம் திரும்பவும் பழையபடி ஆக்கியது. சூரியன் எங்கே நிற்கிறது என்பதைக்கூட ஆள்கிறவர் சொல்லித்தான் அறிய வேண்டும் என்ற நிலையில் வாழ்ந்து பார்த்தவர்களுக்கே அதன் கனம் தெரியும். சிறுமியாக இருந்தபோது எங்கள் நேரம்தான் சரியான நேரம் என்று எனக்குப் பெருமை. மற்றவர்கள் எல்லாரும் பிழையான நேரத்தில் வாழ்கிறார்கள் என்று உண்மையாகவே நினைத்தேன்.

அந்த நாளில் வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் வேண்டும். பின்னுக்கு ஒருவரைப் பிணை வைத்தால்தான் அது கிடைக்கும். வவுனியாப் பக்கம் இறங்கினால் அங்கே ஆமியின் பாஸ். இரண்டு காகிதத்துக்கு நடுவில் ஒரு சனம். 1998இல் யாழ்ப்பாணத்தில் அப்பம்மா செத்துப்போனார். அந்தச் செய்தி எங்களுக்கு வந்தது பத்தொன்பது நாள் கழித்து, ஒரு கடிதத்தில். அப்பா அந்தியேட்டிச் சடங்குக்காவது போகலாம் என்று பாஸ் கேட்டு ஒரு கந்தோர் வாசலில் நான்கு நாள் நின்றார். கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக் கிணற்றடியில் தலை முழுகிவிட்டு வந்து பேசாமல் இருந்தார்.

சோவியத் நாட்டில் 1932இல் உள்நாட்டுக் கடவுச்சீட்டு வந்தது. கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கு அது கொடுபடவில்லை. அந்தச் சட்டம் 1974இல்தான் மாறியது. கிராமத்தானுக்கு நகரம் தெரியாது, நகரத்தானுக்கு 1933இல் கிராமத்தில் சனம் பட்டினியில் செத்தது தெரியாது. இதை வாசித்தபோது நான் அப்பாவின் நான்கு நாளைத்தான் நினைத்தேன். போக்குவரத்தை மறித்தால் போதும், செய்தியைத் தனியாக மறிக்க வேண்டியதில்லை.

முறிகண்டியில் வழமைபோல பஸ் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கிளிநொச்சி வரும்வரை கோது உடைத்தேன். ரோட்டோரம் பாலைப்பழமும் இருந்தது. ஒரு பை வாங்கினேன். சாப்பிட்டால் உதடு ஒட்டும், அந்த ஒட்டல் இருபது வருடத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது.

இரவு, பள்ளித் தோழி வீடு. அவளுடைய மகன் தன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயின் போட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சக்கரத்தைப் பார்த்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை நினைத்தோம்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரி வர விடமாட்டார்கள். சீமெந்து, உரம், பெற்றோல், பற்றரி எல்லாம் தடை. அதனால் றேடியோ கேட்கும் விதம் இது: சைக்கிளைக் கவிழ்த்து வைப்பது, டைனமோவைச் சக்கரத்தோடு உரச விடுவது, அதிலிருந்து இரண்டு வயரை இழுத்து றேடியோவில் கொழுவுவது. ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா. வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் போய்விடும். கை மாறும் நேரத்தில் ஒரு வசனம் விழுங்குப்படும், பெரும்பாலும் முக்கியமான வசனம். ஜாம் போத்தல் விளக்கு ஒன்று மூலையில் எரியும். அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையுமளவு மண்ணெண்ணெய், ஒரு நூல் திரி, அவ்வளவுதான் அந்த வெளிச்சம். அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர். இலங்கை வானொலி, புலிகளின் குரல், பி.பி.சி. தமிழோசை மூன்றும் கேட்போம். வெளி வானொலி கேட்க இயக்கம் தடை போடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஹிட்லரின் ஜெர்மனியில் 1939 செப்டெம்பர் 1 முதல் வெளிநாட்டு வானொலி கேட்பதே குற்றம், கேட்டதை இன்னொருவருக்குச் சொன்னால் மரண தண்டனை வரைக்கும் போகலாம். எங்களுக்கு அப்படி இல்லை.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது செய்தி முடிந்த பிறகு வரும் அந்த நேரம்தான். ஒரே சண்டைக்கு ஒரு வானொலி ஒரு கணக்குச் சொல்லும், மற்றது வேறு கணக்குச் சொல்லும். கேட்ட ஏழெட்டுப் பேரும் தலை நரைத்தவர்கள், கணக்குப் போடத் தெரிந்தவர்கள். சக்கரம் சுற்றி நிற்கும். அந்த ‘கிர்’ சத்தம் அடங்கும். “சரி, விடிய வயலுக்குப் போகோணும்” என்று ஒருவர் எழும்புவார். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அப்பாவின் தோளில் வேர்வை ஓடும். ஒரு மணித்தியாலம் பெடல் சுற்றிப் பெற்ற அறிவை எல்லாரும் வாய்க்குள் வைத்துக்கொண்டு தனித்தனியாக வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

தோழி சொன்னாள்: “அங்க களவு இல்லை, ராவில பொம்பிளையள் தனிய நடந்தம். அதையும் எழுது.” எழுதிவிட்டேன். அது உண்மை. அதே ஊரில்தான், எங்கள் வகுப்பில் ஒருத்தி ஒரு திங்கட்கிழமை வராமல்போக, அவள் எங்கே என்று ஆசிரியரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இடாப்பில் அவள் பெயரைத் தாண்டி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் – கிளிநொச்சி

நகரின் நடுவில் படையினர் கட்டிய வெற்றிச் சின்னம் இருக்கிறது. பெரிய கொங்கிரீட் கட்டி, அதைத் துளைத்துக்கொண்டு ஒரு ஷெல், உச்சியில் தாமரைப் பூ. கனகபுரத்தில் இருந்த துயிலுமில்லத்தை போர் முடிந்த கையோடு இடித்துத் தள்ளினார்கள். உடைந்த கல்லறைத் துண்டுகளைச் சனம் பொறுக்கிக் குவித்து வைத்திருக்கிறது. இயக்கத்தின் பிள்ளைகளும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள். பலபேர் விரும்பிப் போனவர்கள், கடைசி வருடங்களில் பலபேர் இழுத்துக்கொண்டு போகப்பட்டவர்கள். இரண்டு வகையையும் ஒரே கல்லில் ஒரே எழுத்தில் எழுதியிருந்தார்கள். இடித்தவர்கள் அந்தக் கல்லையும் இல்லாமல் ஆக்கினார்கள்.

கந்தசாமி கோயிலடிக்குத் தோழியின் அம்மாவோடு போனேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் அங்கே போராட்டத்தைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் பலர் பிள்ளையைக் காணாமலே செத்துவிட்டார்கள்.

அம்மாவின் மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். விளிம்பு மஞ்சளாகி, ஒரு மூலை நெருப்புப் பட்டுச் சுருங்கியிருந்தது. உள்ளே மகனின் படம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், முறைப்பாட்டுப் பிரதிகள். அவர் அதைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

“2009 மாசியில பங்கருக்குள்ள வந்து இயக்கம் பிடிச்சுக்கொண்டு போனது. பத்தொன்பது வயசு. சித்திரையில ஓடி வந்திட்டான், தலையை மொட்டை அடிச்சு விட்டிருந்தவங்கள். வைகாசி பதினெட்டாந் தேதி வட்டுவாகல் பாலம் தாண்டி வந்தம். ‘இயக்கத்தில ஒரு நாள் இருந்தவையும் வாங்கோ, விசாரிச்சிட்டு விடுவம்’ எண்டு ஸ்பீக்கரில சொன்னாங்கள். நான்தான் பிள்ளை போகச் சொன்னனான். வெள்ளை பஸ். முன்னுக்கிருந்து மூண்டாவது யன்னல். நீலச் சாரம், என்ரை துவாயைத் தோளில போட்டிருந்தவன்.”

இதை அவர் எத்தனை ஆணைக்குழுவுக்கு முன்னால் சொல்லியிருக்கிறார்! ஒரு சொல் மாறுவதில்லை என்று தோழி சொன்னாள். ரே பிராட்பரி 1953இல் எழுதிய நாவலில் புத்தகம் வைத்திருப்பது குற்றம், தீயணைப்புக்காரர்களின் வேலை புத்தகங்களை எரிப்பது. கடைசியில் ஊருக்கு வெளியே சில மனிதர்கள் இருப்பார்கள். ஆளுக்கொரு புத்தகத்தை மனனம் செய்து வைத்திருப்பார்கள். எரிக்க முடியாத இடத்தில் புத்தகம் இருக்கிறது. அதைக் கற்பனை என்று நினைத்து வாசித்தேன். இன்று அவர்களைக் கோயில் வாசலில், பிளாஸ்டிக் கதிரையில் கண்டேன்.

அம்மா சொன்ன இன்னொரு விஷயம் என்னை இரவு நித்திரை கொள்ள விடவில்லை. “அந்த நாளில நாங்கள் அவையளுக்குத் தெரியாது தெரியாது எண்டு சொன்னம். இப்ப நாங்கள் கேட்கிறம், அவை சொல்லுகினம் தெரியாது எண்டு.”

எண்களைப் பற்றியும் எழுத வேண்டும். 2008 செப்டெம்பரில் அரசு கேட்டுக்கொண்டபடி ஐ.நா. அமைப்புகள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. வாசலில் சனம் கூடி, போகாதீர்கள் என்று மன்றாடியது. பார்க்கும் கண்கள் போன பிறகு எண்ணிக்கையும் போயிற்று. 2009 தொடக்கத்தில் உள்ளே இருப்பது 70,000 பேர் அளவில் என்று கொழும்பு சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்த அரச அதிகாரிகளின் கணக்கு அதைப்போல நான்கு மடங்குக்கு மேல். உணவும் மருந்தும் குறைந்த கணக்குக்குத்தான் போனது. கடைசியில் ஏறக்குறைய 290,000 பேர் வெளியே வந்து செட்டிகுளம் மெனிக்பாம் போன்ற முகாம்களில் அடைபட்டார்கள். எழுபதாயிரம் என்று சொன்னவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

சோவியத் அரசு 1937 ஜனவரி 6இல் ஒரு குடிசன மதிப்பு எடுத்தது. 17 கோடிக்கு மேல் வரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். வந்தது 16 கோடி 20 லட்சம். பஞ்சத்தில் செத்தவர்கள் அந்தக் கணக்குக்குள் ஓட்டையாகத் தெரிந்தார்கள். மதிப்பைச் செல்லாது என்று அறிவித்து, எண்ணிய அதிகாரிகளைப் பிடித்தார்கள். தலைமை அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1939இல் புது மதிப்பு எடுத்தபோது 17 கோடி சரியாக வந்தது.

மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபரில் அரச பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது? அவர்கள் எல்லாரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. கணக்குச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். முதல் எண் அரசின் பதிவிலிருந்து எடுத்தது, இரண்டாவது ஐ.நா.வின் கணக்கு. நாலாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கழித்தல். 2021இல் ஆயர் காலமாகும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

நான்காம் நாள் – பரந்தன் வீதி

பரந்தனில் பஸ் மாறி ஏ-35 வழியே தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால். இந்த வழியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 2003இல் நாங்கள் திருகோணமலைக்குப் போய்விட்டோம், 2009இல் நான் இங்கே இல்லை. இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும். இந்தக் கரையில் கடைசிவரை காயக்காரர்களைப் பார்த்த மருத்துவர்கள் ஐந்து பேரை, 2009 ஜூலையில், தடுப்புக் காவலில் இருந்தபடியே கொழும்பில் செய்தியாளர் முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முன்பு தாங்கள் சொன்ன இழப்புக் கணக்கு மிகைப்படுத்தியது என்று அவர்கள் சொன்னார்கள். நான் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அறையில் இருந்த ஆறு பேரும் பார்த்தோம், ஒருவரும் பேசவில்லை. 1930களில் மொஸ்கோ வழக்குகளில் பழைய புரட்சிக்காரர்கள் செய்யாத குற்றங்களை மன்றில் நின்று ஒப்புக்கொண்டதை நான் பின்னர்தான் வாசித்தேன். கேட்கிறவர்கள் நம்ப வேண்டும் என்பது அந்தப் பேச்சின் நோக்கம் அல்ல. நம்பவில்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது என்று காட்டுவதுதான்.

பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்துக்குள் அரசின் ஷெல் விழுந்தது. தப்பி ஓடிய சனத்தை நோக்கி இயக்கம் சுட்டது. ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை இரண்டையும் எழுதியிருக்கிறது. எங்கள் ஆட்களில் முதல் வசனத்தை மட்டும் வாசிக்கிறவர்கள் அதிகம், தெற்கில் இரண்டாவதை மட்டும் வாசிக்கிறவர்கள் அதிகம்.

வட்டுவாகல் பாலத்தில் இறங்கி நடந்தேன். நந்திக்கடல் வற்றி, ஓரம் முழுக்க உப்புப் பொருக்கு. ஒரு அண்ணை இறால் வலை வீசிக்கொண்டிருந்தார். “எங்க போறியள் தங்கச்சி?” என்றார். தண்ணீரூற்றுக்கு என்றேன்.

ஐந்தாம் நாள் – தண்ணீரூற்று

இதை எழுதத்தான் வந்தேன். நான்கு நாளாகச் சுற்றி வந்ததும் இதற்குத்தான்.

1996இல் நாங்கள் இங்கே வந்தபோது கூரையோடு ஒரு வெறும் வீடு கிடைத்தது. ஓட்டு வீடு, பெரிய கிணறு, முற்றத்தில் கறுத்தக்கொழும்பான் மா. படலைக்குப் பக்கத்தில் ஒரு கடை அறை, அதற்குள் தராசு தொங்கிய கொக்கி. அப்பா பக்கத்து வளவு ஐயாவிடம் “இது ஆற்றை வீடு?” என்று கேட்டார். “தெரியாது தம்பி. முந்தி ஆரோ இருந்தவை” என்றார் அவர்.

கடை அறைத் தட்டில் ஒரு தடித்த கடன் கொப்பி கிடந்தது. எனக்குப் பதினொரு வயது, வாசிக்க எதுவும் இல்லாத காலம். அதை எடுத்து வாசித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பெயர். பெயருக்குக் கீழே சீனி அரைக் கிலோ, மண்ணெண்ணெய் ஒரு போத்தல், சவர்க்காரம் ஒன்று, தேயிலைச் சரை இரண்டு. எழுத்து அழகு, ஒவ்வொரு ‘ழ’வின் வாலும் அடுத்த வரி வரை இறங்கும். முதல் பக்கத்திலேயே பக்கத்து வளவு ஐயாவின் பெயர். அடுத்த பக்கத்தில் ஒழுங்கை முனை வீட்டு அன்ரி. எங்கள் ஒழுங்கையே அந்தக் கொப்பிக்குள் இருந்தது. கடைசியாக எழுதிய தேதி 1990 ஒக்ரோபர்.

1990 ஒக்ரோபரில் இயக்கம் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றியது. எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட சனம். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம்தான் கொடுத்தார்கள். இங்கே, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஆட்களும் உடுத்த துணியோடும் கொஞ்சக் காசோடும் புத்தளம் வரை போனார்கள். இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் இல்லை, கோயிலில் இல்லை, சக்கரம் சுற்றிய அந்த இரவுகளிலும் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். கொப்பி வாசித்த அன்றே தெரியும். அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா வாங்கிப் பார்த்தார். இரண்டு பக்கம் வாசித்தார். பிறகு அதைக் குசினிக்குள் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தார். மாரிகாலம், விறகு ஈரம். ஒவ்வொரு நாளும் விடிய ஒரு பக்கம் கிழித்து நெருப்பு மூட்டுவார். தை மாதம் வரும்போது மட்டைதான் மீதி.

சோவியத் ஆட்சியில் 1953இல் உளவுத்துறைத் தலைவர் பேரியா வீழ்ந்த பிறகு, பெரிய கலைக்களஞ்சியத்தை வாங்கியிருந்தவர்களுக்குத் தபாலில் புதுப் பக்கங்கள் வந்தன. பேரியாவின் பக்கங்களை வெட்டி எடுத்துவிட்டு, பேரிங் கடல் பற்றிய இந்தப் பக்கங்களை ஒட்டுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பொலிஸ் வீடு வீடாக வரவில்லை. தங்கள் வீட்டு மேசையில், தங்கள் கத்தரிக்கோலால், வாசித்தவர்களே வெட்டினார்கள். எனக்கு எங்கள் அடுப்பு ஞாபகம் வந்தது. அம்மாவை எரிக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.

இன்று படலை இல்லை. வீடும் இல்லை. போரில் கூரை போய், பிறகு சுவரும் போய், வாசல் படி மட்டும் நிற்கிறது. வளவின் பின்பக்கம் வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன வீடு. கிணறு அதே கிணறு. வெள்ளைத் தொப்பியோடு ஒரு முதியவர் வாளியைக் கட்டில் வைத்துவிட்டுப் பார்த்தார்.

“ஆரைத் தேடுறீங்க, மகள்?”

“நானா,” என்றேன், முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். “நான் முந்தி இந்த வளவுக்குள்ள இருந்தனான். இடம்பெயர்ந்து வந்த நேரம்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு கதிரையை இழுத்து நிழலுக்குள் வைத்தார். உள்ளே பார்த்து இஞ்சித் தேத்தண்ணி போடச் சொன்னார். மாமரத்தைக் கேட்டார். எத்தனை வருடம் காய்த்தது, ஆர் தறித்தது என்று. ஒவ்வொரு வருடமும் காய்த்தது என்று சொன்னேன், நாங்கள் போகும்போது நின்றது என்றும் சொன்னேன்.

“அப்ப உங்களுக்குத் தெரியுமா, இது எங்கட வீடு எண்டு?”

வாய் பழக்கத்தில் ‘தெ’ என்று தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் நிறுத்த எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல முடியவில்லை.

“தெரியும், நானா. கடைக் கொப்பியை வாசிச்சனான்.”

“கொப்பி இருந்ததா?”

அடுப்பையும் சொன்னேன். ஒவ்வொரு பக்கமாக எரிந்ததையும் சொன்னேன். அவர் கிணற்றுக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டார். தேத்தண்ணி ஆறிப்போனது.

“அதைத்தான் எடுக்கப் பார்த்தன். உம்மாவைத் தூக்க வேண்டியிருந்தது. ரெண்டையும் தூக்க ஏலாது” என்றார். பிறகு, “கணக்கு எனக்கு மனப்பாடம். புத்தளத்தில கூடாரத்துக்குள்ள படுத்துக்கொண்டு ஒவ்வொரு ராவும் ஒழுங்கை முனையில இருந்து ஒவ்வொரு வீடாச் சொல்லிப் பார்ப்பன். காசுக்கில்ல. மறந்திடுவனோ எண்டு.”

அவரிடம் இப்போதும் பக்கத்து வளவு ஐயாவின் பிள்ளைகள் சாமான் வாங்க வருகிறார்களாம். அவர்கள் அந்த ஒக்ரோபரைப் பற்றிக் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. “நல்ல பிள்ளையள்” என்றார்.

என் பையில் பிள்ளைகளின் கட்டுரை திருத்தக் கொண்டுவந்த கொப்பி ஒன்று இருந்தது. பின்பக்கத் தாள்கள் வெறுமை. எடுத்து மடியில் வைத்து, சொல்லுங்கோ நானா, எழுதுறன் என்றேன். அவர் யோசித்தார்.

“கணக்கு வேண்டாம். பேரை மட்டும் எழுதுங்க.”

ஒழுங்கை முனையிலிருந்து தொடங்கினார். வீடு வீடாக வந்தார். சில பெயர்களுக்கு நடுவில் நின்று, அவர் இப்ப இல்லை, மகன் கனடாவில, இவ ஷெல்லில போனவ என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். தமிழ்ப் பெயர்கள் முடிந்து, தன் ஆட்களின் பெயர்களுக்கு வந்தபோது குரல் கொஞ்சம் கம்மியது. ‘ழ’ எழுதும்போது என் கையும் வாலை நீளமாக இழுத்ததைக் கண்டேன். முப்பத்தெட்டாவது பெயரில் அஸர் பாங்கு கேட்டது. முகம் கழுவப் போனவர், “இருங்க, இன்னும் ரெண்டு ஒழுங்கை கிடக்கு” என்றார். முல்லைத்தீவுக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.